இடது மூலை

தவமலர் எடுக்கும் படம் எதிலும்
அவள் விரல் இருக்கும்.
மூலையில் இளஞ்சிவப்பாய்,
இன்னும் விடியாத வானம் போல.
விரலை எடு என்று சொன்னால்
கண்ணாடியைத் துடைத்துவிட்டு
மறுபடியும் விரலோடு எடுப்பாள்.

காலை ஆறு ஐம்பதுக்கு முதல் படம்:
தாமான் வீட்டுப் பின்வாசலில்
பெயிண்டு டின்னில் காய்த்த கத்தரி.
அதே கத்தரி, இன்னும் கிட்டத்தில்.
பிறகு
கத்தரியின் முதுகு.

பகாவில் செம்பனை ஆலை ஒன்றில்
நான் எடைப்பாலத்துக் கிராணி.
ஒரு லோரி இறங்கி அடுத்தது ஏறுவதற்குள்
நாலு நிமிஷம் கிடைக்கும்.
ஒரு கையால் பன்னிரண்டு டன் நூற்று நாற்பது என்று எழுதி
மறு கையால் ‘அழகு’ என்று அனுப்புவேன்.

நாங்கள் ஐந்து பேர்.
இருதயத்துக்கு ஆந்தைப் பெட்டிதான் எல்லாம்.
எலிக்காக நிர்வாகம் கம்பத்தில் ஏற்றிய பெட்டி,
மழையில் பெட்டி, வெயிலில் பெட்டி,
ஆந்தை இல்லாத பெட்டி.
ஒருநாள் இருட்டுக்குள் இரண்டு வெள்ளைப் புள்ளி.
கண் என்றான்.
எச்சம் என்றாள் குணவதி.
மூன்று நாள் அவன் ஒன்றும் அனுப்பவில்லை.

குணவதி ஆட்களைத்தான் எடுப்பாள், சொல்லாமல்.
பசியாறும்போது, வாய் நிறைய நாசி லெமாக்கோடு
என்னை எடுத்தாள்.
அழித்துவிடு என்றேன்.
அழித்துவிட்டேன் என்றாள்,
கண்ணைப் பார்க்காமல்.

உரக்கடை சியூ லிங்குக்குத் தமிழ் கேட்டால் புரியும்,
எழுத்து தெரியாது.
நாங்கள் எதை அனுப்பினாலும்
மூட்டைமேல் தூங்கும் பூனையை அனுப்புவாள்.
சந்தோஷத்துக்கும் அதே பூனை,
என் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும்
அதே பூனை.
பொருத்தமாகத்தான் இருந்தது.

போன வருஷம் தீபாவளிக்கு முந்தின வாரம்
தவமலரிடமிருந்து ஒரு படம்.
கம்பி வேலி, பாகல் கொடி,
காயும் துணி, விரல்.
‘பாருங்க’ என்று மட்டும்.
அழகு என்றேன்.
நல்ல கொடி என்றான் இருதயம்.
அந்த விரலுக்குப் பதிலாக
ஒரு கட்டைவிரலை அனுப்பினாள் குணவதி.
பிறகு பூனை.

நேற்று மழை. தராசு வேலை செய்யவில்லை.
பதினோரு லோரி வரிசையில்.
இடமில்லை, எதையாவது அழி என்று
கைப்பேசி இரண்டு நாளாய்க் கெஞ்சுகிறது.
அழித்துக்கொண்டே வந்தேன்.
பாகல் கொடியில் கை நின்றது.
சும்மா, இரண்டு விரலால் விரித்தேன்.

இடது மூலை.
விரலுக்கு எதிர் மூலை.
வேலிக்கம்பியில், அரிசி அளவு நீலம்.
இன்னும் விரித்தேன்.
அலகு. அலகில் துடிக்கிற ஏதோ ஒன்று.

மீன்கொத்தி!
இடது பக்கம் பார் என்று எழுதினேன்.
உடனே பதில் வந்தது:
‘மீன்கொத்தியா? எங்கடி?
நான் எடுத்தது என் புதுச் சட்டையை.
நானே தைச்சது.
ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல.’

அப்போதுதான் சட்டையைப் பார்த்தேன்.
பச்சை. கையில் சின்ன சுருக்கம்.
நன்றாகவே தைத்திருந்தாள்.

பதினோரு மாதம்
ஐந்து கைப்பேசியில்
ஒருவர் கண்ணிலும் படாமல்
இரையை விழுங்காமல் உட்கார்ந்திருக்கிறது
அந்தப் பறவை.

சிவப்பில் வட்டம் போட்டு அனுப்பினேன்.
பூனை வந்தது.
இருதயம் பேச்சே இல்லை,
பழைய பெட்டிகளை ஒவ்வொன்றாய்
விரித்துக்கொண்டிருப்பான்.
குணவதி, வாய் நிறைய சோற்றோடு
என்னை அனுப்பினாள்.
என் பின்னால், மேசைக்கு அடியில்,
யாருடைய செருப்போ தலைகீழாய்.

தராசு சரியாகிவிட்டது.
எங்கள் பாலம் இருபது கிலோவுக்குக் குறைந்த எதையும்
எடையாகக் காட்டாது.
முதல் லோரி ஹாரன் அடிக்கிறான்.
இன்னும் இடம் போதவில்லை.
கத்தரியின் முதுகையாவது அழிக்கலாம் என்று எடுத்து,

விரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.